தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தப் பெயரில் ஐந்து சென்ட் நிலம் வேண்டும்

2025 நவம்பர் 1, மாநிலம் உருவான கேரளப் பிறவி நாளன்று, அதிதீவிர வறுமை இல்லாத மாநிலமாகக் கேரளத்தை அரசு அறிவித்தது. 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டு, உணவு, மருத்துவம், வீடு என எந்தக் குடும்பத்துக்கு எது இல்லையோ அதைத் தனித்தனியே திட்டமிட்டுச் செய்த அந்தப் பணியை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்ற தமிழர்களுக்கு அந்த அறிவிப்பைக் கேட்டதும் ஒரு கேள்வி எழாமல் இருக்க முடியாது. மூன்று நான்கு தலைமுறைகளாக இந்த மலையிலேயே தேயிலைக் கொழுந்து பறித்து, இங்கேயே வாக்களித்து, இங்கேயே மண்ணுக்குள் போகிற தொழிலாளிக்கு, வேலை ஓய்வு பெறும் நாளில் தலைசாய்க்கச் சொந்தமாக ஓர் இடம் ஏன் இல்லை?

வெளியூர் நண்பர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருப்பது லயத்தில். ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் வரிசை அது; பெரும்பாலும் ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்புறம் ஒரு திண்ணை. அவற்றுள் பல, வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் கட்டப்பட்டவை. வீடு நிறுவனத்தினுடையது. தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயர் இருக்கும்வரைதான் அங்கே குடியிருக்கலாம். பெயர் நீங்கினால் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும். எனவே அம்மா ஓய்வு பெறுவதற்குள் மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் விழுகிறது. படித்து முடித்த பிள்ளை எர்ணாகுளத்திலோ திருப்பூரிலோ கிடைத்த வேலையை விட்டுவிட்டுக் கூடை தூக்க வருவது, பெற்றோரைத் தெருவில் நிறுத்தக்கூடாது என்பதற்காகத்தான். இதை வறுமை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறை என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை இந்த ஏற்பாடு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

என் அம்மா ஓய்வு பெற்றபோது பணிக்கொடை (கிராஜுவிட்டி) கைக்கு வரவில்லை. வீட்டை ஒப்படைத்தால் பணம் தருகிறோம் என்றார்கள். பணம் வந்தால்தானே வேறு வீடு பார்க்க முடியும் என்று அம்மா கேட்டார். பணிக்கொடை உரியதாகிய 30 நாளுக்குள் அது வழங்கப்பட வேண்டும் என்று அன்றிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் சட்டத்தைக் காட்டி வாதாடுவதற்கும் இருப்பதற்கு ஒரு வீடு வேண்டும். எங்கள் லயத்தில் இதே நிலையில் இருந்த மற்ற அம்மாக்களையும் எனக்குத் தெரியும். கடைசியில் சிலர் தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனார்கள். சிலர் மகள் வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள்.

இந்த நிலைமைக்கு நிறுவனங்களை மட்டும் குறை சொல்வது எளிது. ஆனால் வேர் அரசின் ஏற்பாட்டில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. அந்தக் காலத்துக்கு அது நல்ல சட்டம்தான். ஆனால் அதன் நிழலில், குடிமக்களுக்கு அரசு செய்ய வேண்டியவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்ற வழக்கம் ஊறிவிட்டது. லயத்துக் கூரை ஒழுகினால் அது தோட்டத்தின் சொத்து என்று பஞ்சாயத்து கைவிரிக்கும். தேயிலைக்கு விலையில்லை என்று நிறுவனம் கைவிரிக்கும். மாநில அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் பெறுவதற்குச் சொந்த நிலம் வேண்டும். நிலமற்றவர் பட்டியலில் சேர்ந்து காத்திருப்பதே தொழிலாளிக்கு எஞ்சும் வழி. பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டையொட்டித் தோட்டங்கள் மூடப்பட்டபோது இந்த ஏற்பாட்டின் பொல்லாத முகம் முழுவதுமாகத் தெரிந்தது. முதலாளி போய்விட்டார், ஆனால் அவருடைய கடமை என்று எழுதி வைத்த எதையும் ஏற்றுக்கொள்ள வேறு யாரும் முன்வரவில்லை. பழுதுபார்க்க ஆளில்லாத லயங்களில் மழைக்காலம் தோறும் சுவர் எப்போது சரியுமோ என்ற அச்சத்துடன் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் வீடு முதலாளியின் பொறுப்புதான். வீட்டையும் வேலையையும் பிணைக்கும் முடிச்சு அவிழவில்லை.

நிலமில்லாதவருக்குத் தான் எங்கே உறங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்து 70 பேர் இறந்தபோது, அந்த இடத்தில் வீடு கட்ட முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்லர். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. இறந்தவர்களில் பலருடைய உறவுகள் தமிழ்நாட்டின் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்து, மீட்புப் பணி முடியும்வரை அங்கே காத்துக் கிடந்தார்கள். மலை சரிந்ததற்கு மறுநாள் நடந்த கோழிக்கோடு விமான விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம் அறிவித்தது. இரண்டு துயரங்களையும் ஒப்பிடுவது எனக்கு வலிக்கிறது. ஆனால் எங்கள் மக்கள் அன்று அந்த இரண்டு எண்களையும் பார்த்தார்கள், இன்னும் மறக்கவில்லை.

பிறகு 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிந்தன. அங்கு எஞ்சியவர்களுக்காகக் கல்பற்றாவில் எல்ஸ்டன் தோட்டத்தின் நிலத்தை அரசு எடுத்தது. நீதிமன்ற வழக்கையும் தாண்டி, குடும்பத்துக்கு 7 சென்ட் நிலமும் 1,000 சதுர அடி வீடும் என்ற திட்டத்துக்கு 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது. அதை முழு மனத்துடன் வரவேற்கிறேன். தேயிலைத் தோட்டத்து நிலத்தில் மக்களுக்கு வீடு கட்டச் சட்டம் இடம் தராது என்று எங்களிடம் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர்களுக்கு அங்கே பதில் இருக்கிறது. அரசு உறுதியாக நினைத்தால் முடியும். அப்படி நினைப்பதற்கு ஒரு பேரழிவு நேர வேண்டியிருக்கிறது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் நாடறிந்தது. 1970 முதல் பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு, கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை சொந்தமாகும் உரிமை கிடைத்தது. ஆனால் நில உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்தப் பெரும் மாற்றம் லயத்து வாசலுக்கு வரவேயில்லை. 1971இல், மூணாறைச் சுற்றித் தேயிலை நிறுவனத்தின் கையில் இருந்த கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு மீட்கும் சட்டம் வந்தது. மீட்ட நிலத்தை விவசாய மக்களின் நலனுக்குப் பயன்படுத்துவது அதன் நோக்கம் என்பதால்தான் உச்ச நீதிமன்றமும் 1972இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த நலன் பெரும்பாலான தொழிலாளர் குடும்பங்களை எட்டவில்லை. பின்னாளில் நிலச்சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, தோட்ட நிலத்தில் 5 விழுக்காடு வரை மலர், மூலிகை, பால்பண்ணை, விடுதி போன்ற பிற பயன்களுக்கு விடலாம் என்று வழி செய்தார்கள். ஆயிரம் ஏக்கர் தோட்டத்தில் 5 விழுக்காடு என்பது 50 ஏக்கர். குடும்பத்துக்கு ஐந்து சென்ட் வீதம் ஆயிரம் குடும்பங்கள் அதில் குடியேறலாம். மூலிகைக்கும் விடுதிக்கும் விலக்குத் தர முடிந்த சட்டமன்றத்தால், அந்த நிலத்தை நிலமாக்கிய மக்களின் வீட்டுக்கும் ஒரு விலக்கு எழுத முடியும்.

தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1956இல் மாநில எல்லையை வரைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு ரேஷன் அட்டையும் இல்லை, ஊரில் பங்கும் இல்லை. இங்கேயோ சாதிச் சான்றிதழ் வாங்க, 1950க்கு முன்பே முன்னோர் கேரளத்தில் குடியிருந்ததை நிறுவ வேண்டியிருக்கிறது. பத்திரம் வைத்திருக்காத குடும்பம் எதைக் காட்டும்? பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியான தேவிகுளத்தில் 2021இல் சட்டமன்ற உறுப்பினரான ராஜாவின் வெற்றியே இத்தகைய கேள்வியில் சிக்கி, 2023இல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2025இல் உச்ச நீதிமன்றத்தில்தான் மீண்டது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் நிலையே இப்படியென்றால், பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பெண்ணின் நிலை என்ன?

2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் தாங்களாகவே சாலையில் அமர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்பது நாள் போராடி 20 விழுக்காடு போனஸ் பெற்றார்கள். அன்று 232 ரூபாயாக இருந்த நாட்கூலி அதன்பின் 301 ஆயிற்று. பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் பெம்பிளை ஒருமை என்ற அவர்களுடைய அமைப்பின் பெயரை நாடே அறிந்தது. கூலிப் போராட்டத்தில் காட்டிய அந்த உறுதியை அவர்கள் நிலத்துக்கும் காட்டுவார்கள் என்று நான் நம்புகிறேன். அதற்குமுன் எல்லாக் கட்சிகளும் சங்கங்களும் கோரிக்கையைத் தெளிவாக வைக்க வேண்டும். மலைச்சரிவு அபாயம் இல்லாத இடத்தில் ஐந்து சென்ட். ஓய்வுக்குப் பிறகு அல்லாமல், பணியில் சேர்ந்து பத்து ஆண்டுகள் நிறைவதற்குள். மகனோ மகளோ தோட்டத்தில் சேர வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல். கொழுந்துக் கூடையைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், செக்ரோலில் பெயருள்ள பெண்ணின் பெயரிலேயே பட்டா.