ஓட்டுநர் இல்லையென்றால் பொறுப்பும் இல்லையா?

கலிஃபோர்னியாவில் ஓட்டுநரில்லாக் கார் விதியை மீறினால் சட்டம் யாரையும் கேட்காது என்று ஒருவர் எழுதியிருப்பது பாதி உண்மை. 2025 செப்டம்பரில் சான் புரூனோ நகரில், குடிபோதைச் சோதனைக்காக நின்றிருந்த காவலர்கள், தடையை மீறி யூ-டர்ன் எடுத்த, வேமோ என்ற ஓட்டுநரில்லா டாக்ஸி நிறுவனத்தின் காரை நிறுத்தினார்கள். ஓட்டுநர் இருக்கை காலி. அபராதச் சீட்டில் ரோபோவுக்கென்று கட்டம் எதுவும் இல்லாததால், நிறுவனத்துக்குத் தகவல் மட்டும் சொன்னார்கள்.

ஆனால் அந்த இடைவெளி, வண்டி ஓடும்போது நேரும் விதிமீறலுக்கான சீட்டில் மட்டுமே இருந்தது. தவறான இடத்தில் நிறுத்தியதற்கான அபராதம் வண்டியின் பெயரில் எழுதப்படுவதால், அது முன்பிருந்தே நிறுவனத்துக்குத்தான் போகிறது. விபத்துக்கு இழப்பீடு கோரி வழக்குத் தொடரும் உரிமையும் ஒருநாளும் இல்லாமல் போகவில்லை. மேலும், 2024-இல் இயற்றப்பட்ட ஏபி 1777 என்ற சட்டம், 2026 ஜூலை 1 முதல் விதிமீறல் அறிவிப்பை உற்பத்தி நிறுவனத்துக்கே வழங்கக் காவலர்களுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அறிவிப்புக்கு இவ்வளவு அபராதம் என்று சட்டத்தில் தொகை குறிக்கப்படவில்லை; அப்படி எழுதியவர் இந்தக் குறையைச் சுட்டியிருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன். டெக்சஸ் மாநிலமோ, தானியங்கி அமைப்பின் உரிமையாளரையே போக்குவரத்துச் சட்டத்தின் கண்ணில் ஓட்டுநராக 2017-லேயே வரையறுத்துவிட்டது.