சென்னைக்கும் வசந்தம் வருகிறது

"சென்னையில் மூன்றே பருவம்தான்: வெயில், கடும் வெயில், கத்திரி வெயில்." இந்த ஜோக்கைச் சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. சொல்லிவிட்டு, பங்குனி மாதத்துச் சனி ஞாயிறை ஏசி மாலில் கொண்டுபோய்த் தொலைக்கிறோம். பார்க்கிங்குக்கு ஒரு வரிசை, லிஃப்டுக்கு ஒரு வரிசை, பாப்கார்ன் விலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு. இதற்குப் பெயர் பொழுதுபோக்காம்.

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இந்த ஊருக்கு நிஜமாகவே ஒரு வசந்தம் வருகிறது. விடிவதற்கு முன்பே குயில் தொண்டை கிழியக் கூவுகிறது. புங்கை பளபளவென்று தளிர்விட்டு, கீழே நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டெல்லாம் பூவாகக் கொட்டி வைக்கிறது. மதியத்துக்கு மேல் கடல் காற்றும் எட்டிப் பார்க்கிறது. காசு கேட்காத விஷயம் என்பதாலேயே நாம் மதிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

இந்த மாதங்களில் நான் சிபாரிசு செய்வது, சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் பங்குனி ஆமை என்கிற கடலாமையின் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்ப்பது. 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. ராத்திரி முழுக்க நீலாங்கரைப் பக்கமிருந்து மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். பொரிய ஏறக்குறைய ஒன்றரை மாதம். அப்படியே விட்டால் என்ன என்று கேட்கலாம். நாய் தோண்டிவிடும், தப்பிப் பொரிந்தாலும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போகும். முன்பு அது கடல், இப்போது தெருவிளக்கு.

குஞ்சு உள்ளங்கையில் பாதிகூட இராது. ஈர மணலில் நாலடி நகரும், நிற்கும், மறுபடி துடுப்பு போடும். ஓர் அலை வந்து புரட்டிப்போடும். கூட்டம் மொத்தமும் "அய்யய்யோ" என்னும். அடுத்த அலையில் காணாமல் போய்விடும். ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்பார்கள். ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள், ப்ளீஸ். மணலில் போட்ட எல்லைக்கோட்டைத் தாண்டிப் பிள்ளையை நிறுத்தி செல்ஃபி எடுக்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிறு காலைக்கு நுங்கு. பிளாஸ்டிக் டப்பாவில் உரித்து வைத்ததை வாங்காதீர்கள். வண்டிக்காரரிடம் "இளசா சீவுங்கண்ணே" என்று சொல்லி, கண்ணிலேயே கட்டைவிரலை விட்டு நோண்டிச் சாப்பிட வேண்டும். தண்ணீர் முழங்கை வரை வழியும். வழியட்டும். அந்த லேசான துவர்ப்போடு சாப்பிட்டால்தான் அது நுங்கு. காலி மட்டை இரண்டைக் கேட்டு வாங்கிவந்து குச்சி செருகினால் பிள்ளைகளுக்கு வண்டி தயார். அன்றைக்கு மொபைலைத் தேட மாட்டார்கள். அரை மணி நேரமாவது.

அப்புறம் மயிலாப்பூர். கபாலீசுவரர் பங்குனித் திருவிழா பத்து நாள். அதில் ஒரு சனி ஞாயிறு மாட்டாமல் போகாது. எட்டாம் நாள் அறுபத்துமூவர் அன்று கூட்டம் நெரியும், வீட்டுக்கு வீடு நீர்மோரும் பானகமும் ஊற்றுவார்கள். நெரிசல் பிடிக்காதவர்கள் வேறொரு நாள் மாட வீதியில் மரச்செப்புக் கடைகளைப் பார்த்தபடி நடக்கலாம்.

"ஐபிஎல் இருக்கேப்பா" என்று முனகுகிறவர்களுக்கு: ராத்திரி ஆட்டம் ஏழரைக்குத்தான். ஆமைக் குஞ்சு இருட்டுவதற்குள் கடலுக்குப் போய்விடும். டாஸ் போயிருக்கும், அவ்வளவுதான்.