வயலின் மணலி வழியாகத்தான் வந்தது

வடசென்னையில் இருக்கும் மணலி என்றால் இன்று எல்லோருக்கும் ரிஃபைனரியும் டேங்கர் லாரியும்தான் நினைவுக்கு வரும். எனக்கு வயலின். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் அங்கே வாழ்ந்தது. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, 1786இல் பிறந்தவர், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதில் நம் ராகங்களை வாசித்தார். இன்று வயலின் இல்லாமல் ஒரு கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா? அந்த வாத்தியம் வந்த வாசல் எங்கள் பக்கம். எங்கள் பிள்ளைகள் அதைக் கற்க ஏன் மயிலாப்பூர் வரை போக வேண்டும்?

தண்டையார்பேட்டையில் என் வாத்தியார் இருக்கிறார். வயது 74. நாற்பது வருடம் பாடகர்களுக்குத் துணையாக வயலின், அதாவது பக்கவாத்தியம், வாசித்தவர். பாடகர் ராகத்தை விரித்து முடித்ததும், அதன் சாரத்தைக் கொஞ்ச நேரத்துக்குள் இவர் தர வேண்டும். பாடகர் அந்த நேரத்தில் தோன்றியபடி ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரத்தில் எந்த இடத்துக்குப் பாடகர் போவார் என்று தெரியாது, போன நொடியே பதில் வர வேண்டும். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வயலின் வில்லை மடியில் வைத்துவிட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அந்த வேலைக்கு எவ்வளவு ஞானம் வேண்டும் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. ஒரு சபாவின் அழைப்பிதழில் இவர் பெயரையே விட்டுவிட்டார்கள். அன்றும் போய் வாசித்துவிட்டு வந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அவருடைய பெரிய வேலை மேடையில் நடந்ததாக நான் நினைக்கவில்லை, அவர் வீட்டு முன்னறையில்தான் நடந்தது. வீணையில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் உண்டு, வயலினில் அவை கிடையாது. ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குக் காதுதான் சொல்ல வேண்டும். அதனால் முதல் பாடமான சரளி வரிசையையே எனக்கு ஒரு வருடம் சொல்லித் தந்தார். அந்தப் பாடத்தின் ராகமான மாயாமாளவகௌளையில் ரிஷபம், அதாவது 'ரி', ஒரு மயிரிழை ஏறினாலும் "கண்ணு, திரும்ப" என்பார். கோபமே வராது. கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் துடைக்கவும் அவர்தான் பழக்கினார். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், காசிமேட்டில் மீன் விற்கிறவர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்து வாசித்தார்கள். சம்பளம் முடிந்ததைக் கொடுத்தால் போதும்.

இப்போது அவருக்கு இடது கைவிரல்கள் நடுங்குகின்றன. வாசித்துக் காட்ட முடிவதில்லை, பாடியே சொல்லிக் கொடுக்கிறார். அந்தச் சின்ன அறையில் வயலினைக் காலில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தால், வில் பக்கத்துப் பிள்ளையின் தோளில் இடிக்கிறது. நம் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் வாரம் இரண்டு மாலை ஓர் அறை கிடைத்தால் போதும். வாத்தியாரை நாங்களே ஆட்டோவில் கூட்டிவந்துவிடுவோம். பக்கத்துத் திருவொற்றியூரில் தியாகராஜரின் சீடர் வீணை குப்பையர் இருந்தார், அவருக்காகத் தியாகராஜரே அங்கே வந்து பாடினார். அப்படிப்பட்ட மண்ணில் ஓர் அறை கேட்பது பெரிய விஷயமா?

கவுன்சிலரிடம் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுக்கு வாருங்கள். பத்து மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதுவரை பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கும்.