சோத்து மேல என்ன கோவம்?

கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் எங்கள் அப்பத்தா கேட்கும்: "சோத்து மேல என்ன கோவம்?" எனக்கு 19 வயதில் அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் மனநோய், என்று டாக்டர் சொன்னபோது வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. "பொண்ணு டயட்ல இருக்கா" என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

சாப்பிட ஆரம்பித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். எடை ஏறியது, அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார். எனக்கோ அந்த மாதங்கள்தான் ரொம்ப மோசம். பட்டினி கிடந்த காலத்தில் நான் அழுததே இல்லை. ஏதோ மரத்துப்போய் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு இட்லி நான்கானதும் அழுகை வந்தது. தம்பி சும்மா கூப்பிட்டாலே எரிந்து விழுந்தேன். "உடம்பு போட்டுட்டே, இப்பத்தான் மூஞ்சில களை வந்திருக்கு" என்று அத்தை பாசமாகச் சொன்ன அன்று ராத்திரி பூரா தூங்கவில்லை. "சாப்பிடுறாளே, அப்புறம் ஏன் அழுவுறா?" என்று வீட்டில் பயந்துபோனார்கள். நோய் திரும்பிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அது நோய் அல்ல, இத்தனை நாள் பசி அமுக்கி வைத்திருந்த உணர்ச்சியெல்லாம் வெளியே வருகிறது என்று அப்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

பிற்பாடுதான் மினசோட்டா ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1944-45இல் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றோடு வைத்துப் பார்த்தார். மனநலம் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள். அவர்களே சிடுசிடுத்தார்கள், சோர்ந்துபோனார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். சாப்பாட்டைக் கூட்டிய பிறகும் மனசு உடனே தெளியவில்லை. சிலருக்கு இன்னும் மோசமானது. பட்டினியே மனசைக் கெடுக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் "முதல்ல மனசைச் சரிபண்ணு, பசி தானா வரும்" என்பவர்களிடம் எனக்குச் சண்டை. வயிறு காய்ந்திருக்கும்போது எந்த கவுன்சலிங்கும் தலையில் ஏறாது. டாக்டர் சொன்னபடி சாப்பிட்டே ஆகவேண்டும், அழுதுகொண்டாவது.

என் சைக்காலஜிஸ்ட் ஒரு நோட்டு கொடுத்தார். சாப்பிட உட்காரும் முன் மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதணும். "குண்டா இருக்கற மாதிரி இருக்கு" என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார். அது உணர்ச்சி இல்லையாம், அதுக்கு அடியில் இருப்பதை எழுதணுமாம். ஒரு மாதம் "ஒண்ணுமில்ல", "ஒண்ணுமில்ல" என்றே எழுதினேன். பொய் இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. உள்ளே இருப்பதற்குப் பெயர் சொல்லத் தெரியாத இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர், அனோரெக்ஸியா இருப்பவர்களிடம் அதிகம் காணப்படுவது என்றார். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை எழுதினேன்: "அப்பா மேல கோவம். என்னைக் கேக்காம இன்ஜினியரிங் சீட் வாங்கிட்டார்."

இதை அப்பாவிடம் சொல்ல இன்னும் எட்டு மாதம் ஆனது. சொன்ன அன்று பெரிய சண்டை, ரெண்டு பேருமே பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டோம். ஒன்பதரை மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்டது. அப்பா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார், எல்லாமே பிய்ந்து பிய்ந்து வந்தது.