செம்பில் எவ்வளவு தண்ணீர்?

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வீரிருப்புக்குப் போயிருந்தேன். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில், ஜப்பானின் நிப்பொன்சான் மியோஹோஜி என்ற பௌத்தப் பிரிவின் துறவிகள் எழுப்பி 2020 பிப்ரவரியில் திறந்த வெள்ளைத் தூபி இருக்கும் ஊர். சுற்றி வந்தோம், படம் எடுத்துக்கொண்டோம். சின்னவள் கேட்டாள்: "பெரியம்மா, இங்கே பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. நம் சீமையில் பிள்ளைகளுக்கான சமய வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. மேலப்பாளையத்தில் மதரஸா, பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளி, மார்கழியில் திருப்பாவை ஒப்பித்தல். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நானும் ஞாயிறு பள்ளிக்குப் போயிருக்கிறேன். வசனங்கள் மறந்துபோயின. எனக்காக பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்த அக்காவின் முகம் மறக்கவில்லை. இப்போது எல்லாமே போட்டியாகிவிட்டது. மூச்சு விடாமல் ஒப்பித்த பிள்ளைக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர், அழுதுகொண்டே இறங்கிய பிள்ளைக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா. இதற்குப் பெயர் சமயக் கல்வி என்றால் எனக்குச் சம்மதமில்லை.

எங்கள் தெருவில் இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஞாயிறு காலையில் வெள்ளை உடுப்போடு சிங்களப் பிள்ளைகள் பௌத்த விகாரைக்குப் போவதை இன்றைக்கும் கண் முன்னால் நிறுத்துவார். அங்கே அறநெறிப் பாடசாலை என்கிற ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் அல்லர், ஊர்க்காரர்கள். விகாரைக்குத் தாயக சபை என்று, அதைத் தாங்குகிற ஊர்க்காரர்களின் சங்கம் ஒன்று உண்டு. பிக்குகள் சமைத்துச் சாப்பிடுவதில்லை என்பதால், இன்றைக்கு இந்த வீட்டுச் சோறு, நாளைக்கு அந்த வீட்டுச் சோறு என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறை வருகிற நாளில் தூக்குச்சட்டியைச் சிந்தாமல் சுமந்து போகிற பிள்ளைக்கு தானம் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிப் போட வேண்டியதில்லை. பெரியவர்கள் கூடிச் செய்கிற இடத்தில்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. பாடத்திட்டம் அப்புறம்தான்.

புத்தர் தம் மகன் ராகுலனுக்குப் பாடம் சொன்ன விதத்தைப் பாருங்கள். பையனுக்கு அப்போது ஏழு வயது என்கிறது அந்த உபதேசத்துக்கான பழைய உரை. கால் கழுவிய பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து, "தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவனிடம் இருக்கிற துறவும் இவ்வளவுதான்" என்றார். பிறகு அதையும் கீழே ஊற்றிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்தும் காட்டினார், நிமிர்த்தி வெறுமையையும் காட்டினார். இந்த உபதேசத்தை அசோகர் ராஜஸ்தானில் கிடைத்த பைராட் கல்வெட்டில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். துறவிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டுமாம். பிள்ளைகளுக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அடுக்களைச் செம்பை எடுத்து வந்து இதை அப்படியே செய்து காட்டினேன். பெரியவன் கொட்டாவி விட்டான். சின்னவள் செம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "காலையில் பஸ்ஸில் கண்டக்டரிடம் எனக்கு இன்னும் ஐந்து வயது ஆகவில்லை என்று சொன்னீர்களே பெரியம்மா, அப்போது இதில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும்?"

அவளுக்குப் பங்குனியோடு ஆறு முடிந்துவிட்டது. செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.