யூயெண்டுமுவில் தனி அரசாங்கம் இல்லை

"ஆஸ்திரேலியாவின் யூயெண்டுமு என்ற ஊரில் பழங்குடியினர் தனி அரசாங்கமே நடத்துகிறார்கள், யாரை உள்ளே விடுவது என்பதுகூட அவர்கள் கவுன்சில் கையில்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வேறு அமைப்புகளை ஒன்றாகக் குழப்பிவிட்டீர்கள்.

நிலம் 1976-ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டப்படி பழங்குடி அறக்கட்டளைக்குச் சொந்தம். அனுமதிச் சீட்டு, சுரங்க ஒப்பந்தம் போன்றவற்றைப் பார்ப்பது, அந்த வட்டாரப் பழங்குடி நிலங்களுக்கான 'மத்திய நில கவுன்சில்' (Central Land Council). அது உள்ளாட்சி அமைப்பே அல்ல.

குப்பை அள்ளுவது, ஊர்த் தெருக்கள் போன்ற அன்றாட வேலைகள்தான் உள்ளாட்சியுடையவை. அதிலும் ஊருக்கென்று இருந்த கவுன்சில் 2008-இல் போய்விட்டது. யூயெண்டுமு இருக்கும் வடக்குப் பிரதேசத்தின் அரசு சின்னச் சின்ன கவுன்சில்களைக் கலைத்துப் பெரிய ஷயர்களாக, அதாவது பெரிய உள்ளாட்சிப் பகுதிகளாக, இணைத்தது. யூயெண்டுமு சேர்ந்த சென்ட்ரல் டெசர்ட் கவுன்சிலின் பரப்பு பிரிட்டனைவிடப் பெரியது. தலைமை அலுவலகம் இருப்பதோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். வேடிக்கை என்னவென்றால், அந்த நகரம் இந்தக் கவுன்சிலின் எல்லைக்குள்ளேயே வராது!

ஊர் மக்களுக்குக் குரலே இல்லையா என்றால், இருக்கிறது. உறுப்பினர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014-இல் ஊர்தோறும் 'உள்ளூர் ஆணையம்' என்று ஒன்றும் வந்தது. ஆனால் பெரும்பாலும் ஆலோசனை சொல்லும் அமைப்புதான் அது. "தனி அரசாங்கம்" என்பதைவிட, இருந்த அதிகாரமும் கைவிட்டுப் போனது என்ற, அந்த ஊர்ப் பழங்குடியினரான வார்ல்பிரி மக்களின் புகார்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அப்புறம், போலீஸ் அங்கே நுழைய முடியாது என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். ஊருக்குள்ளேயே காவல் நிலையம் இருக்கிறது ஐயா.