தடை வந்துவிட்டது, பாடம் இன்னும் மாறவில்லை

பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களிடம், யோனியில் இரு விரல்களை நுழைத்து அவர் உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்க்கும் இருவிரல் சோதனையை மாநில அரசு தடை செய்ய வேண்டும் என்று, மதுரை உலகனேரியில் இருக்கும் நமது சென்னை உயர் நீதிமன்றக் கிளை 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஒரு சிறுமி பாதிக்கப்பட்ட வழக்கின் மேல்முறையீட்டில் வந்த உத்தரவு அது. அதே ஆண்டு அக்டோபரில், ஜார்க்கண்ட் வழக்கு ஒன்றை விசாரித்த உச்ச நீதிமன்றம், இனி இச்சோதனையை நடத்துபவர் நன்னடத்தை விதிகளை மீறியவராகக் கருதப்படுவார் என்று அறிவித்ததோடு, மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் ஆராய்ந்து திருத்தச் சொன்னது. தடையைப் பற்றி ஊரெல்லாம் பேசியாயிற்று. பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. மகளிர் நீதிமன்றத்தில் மருத்துவச் சான்றிதழ்களை வாசித்துப் பழகிய வழக்கறிஞர் என்ற முறையில், நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சான்றிதழில் தவறாக எழுதும் மருத்துவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு எழுதுவதில்லை. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ தேர்வுக்காக மனப்பாடம் செய்ததையே அவர் எழுதுகிறார். தடய மருத்துவப் பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகக் கன்னித்தன்மையின் அடையாளங்கள் என்று ஓர் அத்தியாயத்தைச் சுமந்து வந்திருக்கின்றன. கன்னிச்சவ்வின் வடிவங்கள், அது கிழியும் இடங்கள், யோனியின் தளர்ச்சி, மார்பகத்தின் இறுக்கம் ஆகியவற்றை அட்டவணையிட்டு, உண்மையான கன்னி, போலியான கன்னி என்று பெண்களை இரு வரிசைகளில் நிறுத்துகிறது அந்த அத்தியாயம். அதை எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவரே பின்னாளில் அரசு மருத்துவமனைப் பணியில் இருந்துகொண்டு, நள்ளிரவில் காவலர் அழைத்து வரும் பெண்ணைப் பரிசோதிக்கிறார்.

அந்த அட்டவணைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. சவ்வின் வடிவமும் தடிமனும் பெண்ணுக்குப் பெண் வேறுபடும். வயதோடும் ஹார்மோன்களோடும் மாறும். உடலுறவுக்குப் பின்னும் அது கிழியாமல் இருக்கலாம். முதல் உறவில் இரத்தம் வராத பெண்கள் ஏராளம். யோனித் தசையின் இறுக்கம் அச்சம், வலி, பதற்றம் ஆகியவற்றைப் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறக்கூடியது என்பதால், விரலை வைத்து ஒரு பெண்ணின் கடந்த காலத்தை யாராலும் கணிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் பெண்கள் அமைப்பும் மனித உரிமை அலுவலகமும் 2018-இல் கூட்டாக இதைச் சொல்லி, கன்னித்தன்மைச் சோதனையை எங்கும் நடத்தக் கூடாது என்றன. நமது மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, இருவிரல் சோதனையைக் கைவிடச் சொல்லியிருந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே ஒரு நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது என்றால், சுற்றறிக்கையைவிடப் பாடநூல் எவ்வளவு வலிமையானது என்று எண்ணிப் பாருங்கள்.

இதே மருத்துவ உலகம் பெண்ணின் உடலில் வேறு எதை எப்போது கவனித்தது என்று பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பெண்ணின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸ் வெளியே தெரியும் சிறு முனை மட்டுமல்ல, உள்ளே விரிந்து கிடக்கும் பெரிய உறுப்பு என்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் உடற்கூறு ஆய்வின் வழியே விரிவாக எழுதியது 1998-இல்தான். அதற்கு நெடுங்காலம் முன்பே கன்னிச்சவ்வை வகை வகையாகப் பிரித்துப் பெயரிட்டு முடித்துவிட்டார்கள். பெண்ணுக்கு என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது என்பதை அறிவதைவிட, அவள் 'தொடப்பட்டவளா' என்பதை அறிவதே இவர்களுக்கு அவசரமாக இருந்திருக்கிறது.

இதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதை உசிலம்பட்டிப் பக்கத்துத் தாய் ஒருவரிடம் கண்டேன். வழக்கின் நிலை என்ன, குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை. "எம்புள்ள கெட்டுப்போச்சுன்னு அதுல எழுதியிருக்காகளா வக்கீலம்மா?" என்றுதான் கேட்டார். அந்தச் சான்றிதழில், காயங்களைப் பற்றிய குறிப்புக்கும் மேலே, அந்தப் பெண் 'உடலுறவுக்குப் பழகியவர்' என்று ஒரு வரி இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

மாற்றம் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிச் சென்ற இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் மருத்துவப் பாடத்திட்டத்தின் மீதும் கேள்வி எழுப்பியது. அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் பாடத்தைத் திருத்தியது. கன்னித்தன்மைச் சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதை மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும், நீதிமன்றமே அத்தகைய சோதனைக்கு உத்தரவிட்டாலும், அதன் பிழையை நீதிமன்றத்துக்கு எடுத்துச் சொல்ல அவர்களைப் பழக்க வேண்டும் என்றது அந்தத் திருத்தம். மிக நல்ல திருத்தம் அது. ஆனால் 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில், கன்னித்தன்மையின் வரையறையையும் கன்னிச்சவ்வின் முக்கியத்துவத்தையும் அதே ஆணையம் மீண்டும் சேர்த்தது. எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் அது அப்படியே நிலைத்திருக்கும்.

மதுரையில் 1954 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. சுற்றியுள்ள மாவட்டங்களிலும் கல்லூரிகள் பெருகிவிட்டன. அங்கே கற்பிக்கும் பேராசிரியர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் நேராகவே கேட்கிறேன். நூலகத்தில் பழைய பதிப்புகள் இருக்கட்டும். ஆனால் அந்த அத்தியாயம் தவறானது என்று வகுப்பிலேயே சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் கன்னிச்சவ்வின் வகைகளைக் கேட்பதற்குப் பதிலாக, பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ஒப்புதல் பெறுவது எப்படி, அவர் மறுத்தால் சிகிச்சையை எப்படித் தொடர்வது, காயம் இல்லாததாலேயே வன்முறை நடக்கவில்லை என்று ஏன் எழுதக் கூடாது என்று கேளுங்கள். என் துறையினருக்கும் ஒரு வேண்டுகோள்: சான்றிதழில் அப்படி ஒரு வரியைக் கண்டால், அது நம் கட்சிக்காரருக்குச் சாதகமாகவே இருந்தாலும், அதை வைத்து வாதாடாதீர்கள், 2022 உத்தரவுகளை நீதிபதியின் முன் வைத்து, அந்த வரியைக் கருத்தில் கொள்ளக் கூடாது என்று கேளுங்கள்.